ஒரு கடன் கொப்பியின் விலை: கிளிநொச்சியில் பிரிந்த ஒரு பங்குடைமையும் நன்மதிப்பு என்ற சொல்லும்

வைஸ், கிரைண்டர், ஸ்பனர் அடுக்கிய சாவிப்பெட்டிகள், இறாக்கைகளில் அடுக்கியிருந்த உதிரிப்பாகங்கள் எல்லாவற்றையும் அரை நாளில் எண்ணி விலை போட்டு முடித்துவிட்டோம். யாருக்கு எது என்பதிலும் சண்டை வரவில்லை. மாலை நான்கு மணிக்கு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கொப்பி வெளியே வந்தபோதுதான் இரண்டு பங்காளிகளும் முதன்முறையாக ஒரே பொருளுக்குக் கை நீட்டினார்கள். நீல அட்டை, ஓரமெல்லாம் எண்ணெய் ஊறிய பெருவிரல் அடையாளங்கள், 2008ஆம் ஆண்டுக் கடன்கள். கணக்கீட்டின்படி அதன் பெறுமதி பூச்சியம். பத்து வருடத்துக்கு மேல் பழையதாகிப்போன கடனை எந்தக் கணக்காளரும் சொத்தாகக் காட்டமாட்டார். ஆனால் இருவருக்கும் அது வேண்டும்.

2019 புரட்டாதியில் அந்தக் கடையின் பங்குகளைப் பிரித்துக் கொடுக்கும் கணக்காளராக நான் போயிருந்தேன். நன்மதிப்பு, அதாவது சாமான்களுக்கு மேலாக ஒரு வியாபாரத்தின் பேருக்கு உள்ள பெறுமதி, என்ற தலைப்பை வகுப்பறையில் படித்தவன், பிறகு படிப்பித்தவன். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை அன்று மாலைதான் விளங்கிக்கொண்டேன். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டக் கூடாது என்பதற்காகச் சில விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன். தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். கணக்கின் போக்கு நடந்தபடியேதான் இருக்கிறது.

கடையின் கதை

நீர் இறைக்கும் இயந்திரங்கள் திருத்துவதும் அவற்றுக்கான பாகங்கள் விற்பதும்தான் தொழில். மூத்த பங்காளி மெக்கானிக். இளையவர் அவருடைய மனைவியின் தம்பி; கொள்வனவு, கணக்கு, கல்லாப்பெட்டி அவர் பொறுப்பு. இலாபம் பாதிக்குப் பாதி. 1995இல் கிளிநொச்சி கரடிப்போக்கில் தொடங்கினார்கள். மறு வருடமே நகரம் இராணுவத்திடம் போக, கடை மல்லாவிக்குப் போனது. கடை என்றால் ஒரு பாலை மரத்தின் கீழ் விரித்த சாக்கும் இரண்டு சாவிப்பெட்டியும். பொருளாதாரத் தடை இருந்த காலம். உதிரிப்பாகம் வராது, எரிபொருள் கிடைக்காது. துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடவிடும் வித்தை அப்போது வன்னி முழுவதும் தெரிந்திருந்தது. தேய்ந்த பாகத்தை அரத்தால் ராவி இன்னொரு போகத்துக்கு ஓட வைக்கிற கை சிலருக்குத்தான் வாய்த்தது. மூத்தவர் அப்படி ஒருவர். மரத்தடிக்கு வந்த முதல் வாரத்திலேயே பழைய ஆட்கள் சைக்கிள் கரியரில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு தேடி வந்துவிட்டார்கள்.

சமாதான காலத்தில் கிளிநொச்சிக்குத் திரும்பினார்கள். 2002இல் ஏ9 வீதி திறந்ததும் சாமான் தாராளமாக வந்தது, கடை பெருத்தது. 2008 கடைசியில் போர் நெருங்க மறுபடி ஓட்டம். தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, அதற்கப்பால் எல்லோரும் அறிந்த வழி. இயந்திரங்கள் ஒவ்வொரு ஊராக வழியில் கழன்றன. மூத்தவரின் மனைவி காணி உறுதியையும் அடையாள அட்டைகளையும் சுற்றிய சொப்பிங் பைக்குள் இந்தக் கொப்பியையும் வைத்திருந்தார். மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது கடையில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

2010இல் பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் ஒருவருடைய காணியில் வாடகைக்குத் தகரக் கொட்டில் போட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் விசுவமட்டிலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்து இறங்கினார். கொப்பியில் அவருடைய கணவரின் கணக்கு இப்படி இருக்கிறது: "விசுவமடு, சிவப்பு மிசின், ரிங் செற், 3,400." கொப்பி முழுவதும் இப்படித்தான். மூத்தவருக்கு ஆட்களின் பெயரைவிட இயந்திரங்களின் முகம் ஞாபகம் இருக்கும். கணவர் அப்போது உயிரோடு இல்லை. சிவப்பு இயந்திரம் புதுக்குடியிருப்போடு போய்விட்டது. இல்லாத இயந்திரத்துக்கு வாங்கிய பாகத்தின் கடனை இல்லாத மனிதருக்காகக் கட்ட வந்திருக்கிறார்.

மூத்தவர் வாங்க மறுத்திருக்கிறார். "அவர் வாங்கியது அண்ணை. அவர் பேரில் கடன் நிற்கக் கூடாது" என்றாராம் அந்தப் பெண். அன்று 2,000 ரூபாய். காலபோக அறுவடைக்குப் பிறகு மிச்சம் 1,400. அந்த வரி இரண்டு தடவை வெட்டப்பட்டு, பக்கத்தில் இரண்டு திகதிகள் எழுதப்பட்டிருப்பதை நான் பார்த்தேன். அப்படி வெட்டப்பட்ட வரிகள் கொப்பியில் இன்னும் பல இருந்தன.

ஒரு சொல், இரண்டு தமிழ்

ஆங்கிலத்தில் குட்வில் என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ஒருவருக்கு நன்மை நினைக்கும் மனம் என்பது அதன் பழைய பொருள். வியாபாரப் பொருள் பிறகு வந்தது. 1571ஆம் ஆண்டின் இங்கிலாந்து உயில் ஒன்றில் ஒருவர் தன்னுடைய கற்குழியின் உரித்தையும் அதன் "குட்வில்"லையும் இன்னொருவருக்கு விட்டுச் செல்கிறார். அதற்குள் அந்த மனம், கைமாற்றக்கூடிய ஒரு சொத்தாகிவிட்டது.

தமிழில் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம். மனத்துக்கு நல்லெண்ணம். சொத்துக்கு நம்முடைய கணக்கீட்டுப் பாடநூல்களில் நன்மதிப்பு, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நற்பெயர். நல்லெண்ணம் என்ற சொல்லை வன்னி மக்கள் அதிகம் கேட்டது செய்திகளில்தான். நல்லெண்ணத் தூதுவர், நல்லெண்ண விஜயம், நல்லெண்ண அடிப்படையில் மீனவர் விடுதலை. 2000 மார்கழி 24ஆம் திகதி முதல் விடுதலைப் புலிகள் ஒருதலைப்பட்சமாகக் கடைப்பிடித்த போர்நிறுத்தமும் நல்லெண்ண வெளிப்பாடு என்றே அறிவிக்கப்பட்டது. 2001 சித்திரையில் அது முடிவுக்கு வந்தது. செய்திகளில் நல்லெண்ணம் என்பது ஒரு தரப்பு மறுதரப்புக்குக் காட்டுவது. காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடிவது.

கடைத்தெருவில் இந்த இரண்டு சொல்லையும் யாரும் பாவிப்பதில்லை. அங்கே "நாணயமான ஆள்", "கைராசிக்காரர்", "பேர் எடுத்த கடை" என்பார்கள். நாணயம் என்ற சொல்லைப் பாருங்கள். காசுக்கும் அதுதான், நேர்மைக்கும் அதுதான். கணக்கீட்டுப் பாடநூல் பல பக்கங்களில் சொல்ல முயல்வதை இந்த ஒரு சொல் தன் இரட்டைப் பொருளுக்குள் வைத்திருக்கிறது. அந்தப் பெண் சொன்ன "பேர்" இன்னொன்றையும் காட்டுகிறது. நன்மதிப்பு கடைக்கு மட்டும் உள்ளதென்று நாம் எழுதிவைத்திருக்கிறோம். வாடிக்கையாளருக்கும் ஒன்று இருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் அவர் பஸ் ஏறினார்.

யாருடையது?

2019இல் மூத்தவருக்கு அறுபது கடந்துவிட்டது. முதுகு நோ. வவுனியாவில் மகளோடு போய் இருக்க நினைத்தார். பங்கை இளையவரே எடுத்துக்கொள்வதில் இருவருக்கும் சம்மதம். சாமான்களின் பெறுமதிக்கு மேலாக, கடையின் பேருக்கென்று தனக்கு 15 இலட்சம் வர வேண்டும் என்றார் மூத்தவர். இளையவர் ஒரு சதமும் இல்லை என்றார். "அத்தான், நீங்கள் போனால் பேரும் உங்களோடு போகிறது. போகிற பொருளுக்கு நான் ஏன் காசு தர வேண்டும்?" முகத்தில் அடித்தது போன்ற பேச்சுத்தான். ஆனாலும் அதில் நியாயம் இருந்தது.

இந்த நேரம் பார்த்துக் காணிக்காரரும் வந்து சேர்ந்தார். வீதி திருத்தப்பட்டபின் இடத்துக்கு மதிப்புக் கூடிவிட்டதாம். பங்காளி மாறுவதென்றால் தனக்கும் ஒரு மொத்தத் தொகை தர வேண்டும், கடை ஓடுவதே தன் இடத்தால்தான் என்றார்.

ஆக, ஒரே நன்மதிப்புக்கு மூன்று உரிமைக்காரர். இந்தக் கேள்வி உலகத்துக்குப் புதிதல்ல. 1810இல் எல்டன் பிரபு என்ற ஆங்கிலேய நீதிபதி, பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே திரும்பி வரக்கூடிய சாத்தியம்தான் நன்மதிப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றார். காணிக்காரர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். 1901இல் மக்னாட்டன் பிரபு அதை விரித்து, நல்ல பெயராலும் தொடர்புகளாலும் வரும் அனுகூலம், வாடிக்கையை இழுத்துவரும் ஈர்ப்புச் சக்தி என்றார். 1934இல் குத்தகைக்காரர் ஒருவரின் வழக்கில் ஸ்க்ரட்டன் என்ற நீதிபதி வாடிக்கையாளர்களைப் பிராணிகளாக வகுத்தார். பூனை வீட்டைவிட்டுப் போகாது. அது இடத்துக்கு வரும் வாடிக்கை. நாய் ஆளுக்குப் பின்னால் போகும். அது ஆளுக்கு வரும் வாடிக்கை. எலிக்கு இடமும் இல்லை, ஆளும் இல்லை. வழியில் அகப்பட்ட கடையில் வாங்கும்.

இந்த உவமையை நான் சொன்னபோது மூத்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, விசுவமட்டிலிருந்து வெளிக்கிட்டபோது எங்கள் நாய் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் சந்தி வரைக்கும் ஓடி வந்தது. பூனை கூரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது." அந்த வீதியால் போன எல்லோருக்கும் இப்படி ஒரு காட்சி நினைவில் இருக்கும். லண்டன் நீதிபதிக்கு அது உவமை.

எல்டன் பிரபுவின் வரைவிலக்கணம் வன்னியில் ஏன் நிற்காது என்பதும் இதற்குள் இருக்கிறது. பழைய இடத்துக்குப் பழைய வாடிக்கை வர வேண்டுமானால் இரண்டும் அங்கே இருக்க வேண்டும். இங்கே கடையும் இடம்பெயர்ந்தது, வாடிக்கையாளரும் இடம்பெயர்ந்தார்கள். கரடிப்போக்கிலிருந்து மல்லாவிக்கு, மல்லாவியிலிருந்து திரும்பக் கிளிநொச்சிக்கு, கடைசியில் பரந்தன் வீதிக்கு. ஒவ்வொரு தடவையும் பழைய ஆட்கள் விசாரித்து வந்தார்கள். இடத்தின் பங்கு சிறியது என்பதற்கு இதைவிட வலிய சான்று எந்த நீதிமன்றத்துக்கும் கிடைத்திருக்காது. காணிக்காரரிடம் இதைப் பொறுமையாகச் சொன்னோம். 2010இல் அங்கே நின்றது நாயுருவியும் குண்டு விழுந்த குழியும் என்பதை அவரும் மறுக்கவில்லை. மாத வாடகையைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு மொத்தத் தொகைக் கதையை விட்டுவிட்டார்.

பங்காளிகளின் பிரச்சினை அப்படித் தீரவில்லை. பெயர்ப் பலகையில் உள்ள வியாபாரப் பெயர் இளையவரின் பெயரில் பதியப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கடைக்கு வந்ததில்லை; "மிசின் அண்ணையின் கடை" என்றுதான் வந்தார்கள். பங்குடைமைக்கு உடன்படிக்கையும் எழுதியிருக்கவில்லை. மூலதனம் ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம் சொல்கிறது. இவர்கள் இருபத்து நான்கு வருடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் தொழில் நடத்தியவர்கள். வழக்குக்குப் போயிருந்தால் வாதம் அங்கேயே தொடங்கிப் பல வருடம் இழுபட்டிருக்கும். காகிதம் இல்லாமல் நடத்தியதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் வன்னியில் நிறைய. நான் அதை ஏற்கமாட்டேன். உறவு நன்றாக இருக்கும்போதுதான் எழுதி வைக்க வேண்டும்.

கணக்கு

கடையின் ஏடுகளில் நன்மதிப்பு என்று ஒரு வரியும் இல்லை. இருக்கவும் கூடாது. காசு கொடுத்து வாங்கிய வியாபாரத்தின் நன்மதிப்பைத்தான் சொத்தாகப் பதியலாம். தானாக வளர்த்த நன்மதிப்பைப் பதியக் கூடாது என்று இலங்கைக் கணக்கீட்டு நியமம் 38 சொல்கிறது. நம்பகமாக அளக்க முடியாது என்பது அதற்கான காரணம். பங்காளி விலகும்போது மட்டும் அளந்தே தீர வேண்டியிருக்கிறது.

மேலதிக இலாப முறையை எடுத்தேன். முந்திய ஐந்து வருட இலாபம் முறையே 21, 20, 16, 19, 14 இலட்சம். சராசரி 18. இருவரும் சம்பளம் எடுக்காமல் உழைத்தவர்கள். மெக்கானிக்குக்கு வருடம் 7 இலட்சத்து 20 ஆயிரம், கணக்குப் பார்ப்பவருக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம் என்று நியாயமான கூலியைக் கழித்தால் மிச்சம் 6 இலட்சம். போட்ட முதல் 30 இலட்சத்துக்கு நூற்றுக்கு 12 வீதம் வருவாய் என்று 3 இலட்சத்து 60 ஆயிரத்தைக் கழித்தால் மேலதிக இலாபம் 2 இலட்சத்து 40 ஆயிரம். மூன்று வருடக் கொள்வனவில், அதாவது மூன்று வருட மேலதிக இலாபத்தை விலையாக வைத்தால், நன்மதிப்பு 7 இலட்சத்து 20 ஆயிரம். மூத்தவரின் பாதி 3 இலட்சத்து 60 ஆயிரம்.

பாடநூலில் இங்கே விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போடலாம். எனக்கு அந்தக் கடைசி எண் 14 உறுத்திக்கொண்டே இருந்தது. 16 வந்த வருடம் தெரிந்த கதை: வறட்சி, வயல் குறைந்தது, வியாபாரமும் குறைந்தது. 14 வந்தது 2018/19. 2018 மார்கழி 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம். கிணற்றடிகளில் இருந்த இயந்திரங்கள் நாள்கணக்கில் சேற்றுத் தண்ணீருக்குள் கிடந்தன. தை மாதம் முழுவதும் கடை வாசலில் சேறு பூசிய இயந்திரங்கள் வரிசையாக நின்றன. கடைக்கு அமோக வருமானம் வந்திருக்க வேண்டிய மாதம் அது. மூத்தவர் வெள்ளத்தில் மூழ்கிய எந்த இயந்திரத்துக்கும் கழற்றிப் பூட்டும் கூலி எடுக்கவில்லை. பாகத்துக்கு மட்டும் காசு, அதுவும் அறுவடைக்குப் பிறகு. இளையவர் முதலில் எதிர்த்திருக்கிறார். பிறகு அவரும் இரவு பதினொரு மணி வரை விளக்குப் பிடித்திருக்கிறார்.

இலாபம் மிகக் குறைந்த வருடத்தில்தான் கடையின் நன்மதிப்பு மிக அதிகம் வளர்ந்தது. சராசரி இலாப முறை அந்த வருடத்தைத் தண்டிக்கிறது. ஐந்து வருடத்தையும் கூட்டிப் பிரிக்கும் கணக்கு, அந்தத் தையில் விழுந்த குழியைக் காண்கிறது. அந்தக் குழிக்குள் விதைத்ததைக் காண்பதில்லை. நல்லெண்ணம் என்றும் நன்மதிப்பு என்றும் தமிழில் பிரித்து எழுதும் இரண்டும், ஒன்று விதையாகவும் மற்றது விளைவாகவும் எனக்குத் தெரிந்தது அந்த எண்ணில்தான்.

அதற்குக் கணக்கீட்டில் வழி இல்லாமல் இல்லை. வழமைக்கு மாறான நட்டத்தைத் திரும்பக் கூட்டலாம். எடுக்காமல் விட்ட கூலி சுமார் 5 இலட்சம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அதைக் கூட்டினால் அந்த வருட இலாபம் 19, சராசரி 19, மேலதிக இலாபம் 3 இலட்சத்து 40 ஆயிரம், நன்மதிப்பு 10 இலட்சத்து 20 ஆயிரம். மூத்தவரின் பாதி 5 இலட்சத்து 10 ஆயிரம். அவர் கேட்ட 15க்கு அருகிலும் இல்லை. தாளைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அந்த வெள்ள வருடத்தைக் கணக்கில் எடுத்தீர்களே, அது போதும்" என்றார்.

கையளிப்பு

நாய் ஆளுக்குப் பின்னால் போகும் என்ற இளையவரின் பயம் இன்னும் மிச்சம் இருந்தது. விலை பேசுவதோடு நன்மதிப்பு கைமாறாது. இங்கே எனக்கு உதவியது ட்ரெகோ எதிர் ஹன்ற் என்ற 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நன்மதிப்பு இன்னொருவருக்குரியதானபின், விலகும் பங்காளி தனியாகத் தொழில் செய்யலாம். ஆனால் பழைய வாடிக்கையாளரிடம் போய்த் தன்னிடம் வாருங்கள் என்று கேட்கக் கூடாது. பங்குடைமை விடயத்தில் இங்கிலாந்துச் சட்டத்தை 1852ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச்சட்டம் இங்கேயும் பொருத்துகிறது என்பதால், இந்த விதி நமக்கும் உரியது.

ஆனால் கேட்காமல் இருப்பது போதாது. மூத்தவர் அந்த ஒரு காலபோகம் முழுவதும் கடைக்கு வருவது, ஆனால் சாவியைக் கையில் எடுக்காமல் கதிரையில் இருப்பது என்று எழுதினோம். கடையில் வேலை பழகிய பொடியன்தான் இயந்திரத்தைத் திறப்பான். பழைய ஆள் வந்து "அண்ணை, நீங்கள் பாருங்கள்" என்றால், "அவன் பார்க்கட்டும், நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். இதைவிடக் கடினமான வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை என்று நினைக்கிறேன். நான் ஒரு நாள் போயிருந்தபோது பொடியன் தலைப்பகுதியைக் கழற்றிவிட்டு, பிஸ்டன் மாற்ற வேண்டும் என்றான். மூத்தவர் இருந்த இடத்திலிருந்தே, "ரிங்கைக் கழற்றி உருளைக்குள் விட்டு இடைவெளியைப் பார்" என்றார். பார்த்தான். ரிங் மட்டும் மாற்றினால் போதும். வந்தவருக்குப் பல ஆயிரம் ரூபாய் மிச்சம். அவர் புறப்படும்போது பொடியனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

5 இலட்சத்து 10 ஆயிரத்தையும் மூன்று பங்காக, மூன்று காலபோக அறுவடைக்குப் பிறகு கொடுப்பதென்று முடிவானது. எல்லாவற்றையும் இந்தத் தடவை எழுத்தில் வைத்தோம்.

நீலக் கொப்பி கடைசியில் கடையிலேயே தங்கியது. அதை விட்டுக்கொடுத்தவர் மூத்தவர். "யாராவது கொடுக்க வந்தால் கடைக்குத்தான் வருவார்கள். நான் அங்கே இருக்கமாட்டேன்" என்றார்.

பிறகு

2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அதற்கு முன்பே பல வாரங்களாக வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. ஓடாத இயந்திரத்தைத் திருத்த யார் வருவார்கள்? அந்த வருடக் கணக்கைப் பார்த்தால் கடையை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. பொடியன் இப்போது பங்காளி, உடன்படிக்கையோடு. மூன்றாவது தவணை ஆறு மாதம் பிந்தியது. அதற்காக மூத்தவர் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்கவில்லை என்று இளையவரே சொன்னார்.

போன வருடம் வேறொரு அலுவலாக அந்த வழியால் போனபோது கொப்பியை வாங்கிப் புரட்டினேன். நான் முன்பு பார்க்காத ஒரு வெட்டு இருந்தது. "முத்தையன்கட்டு, பச்சை மிசின், வால்வு, 1,150." வெட்டிய மை புதிது, பக்கத்தில் 2021 பங்குனித் திகதி. யார் கொடுத்தது என்று கேட்டேன். மகனாம், வெளிநாட்டிலிருந்து வந்து நின்ற நேரம் தேடி வந்து கொடுத்தானாம். அது பங்குடைமைக் காலத்துக் கடன் என்பதால் அதில் பாதி, 575 ரூபாயை, இளையவர் ஒரு தபாலுறைக்குள் வைத்து வவுனியா பஸ் சாரதியிடம் அத்தானுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார். உறையின் மேல் "பச்சை மிசின்" என்று மட்டும் எழுதினாராம்.